முகம் வாடாதவள்

ராத்தா யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பாள். அப்புறம் கை. அப்புறம் ரவிக்கையின் அக்குள் தையல். முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பாள். முகம் வீட்டை விட்டுப் புறப்படும்போதே பொய் சொல்லத் தயாராகித்தான் புறப்படும் என்பாள். குதிகால் வெடிப்புக்கும், பிரித்துத் திரும்பத் தைத்த தையலுக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவள் கண் நம் காலில் தொடங்கி மெல்ல மேலே ஏறி வரும்போது சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொள்ளாத பெண்பிள்ளையை நான் மட்டாஞ்சேரியில் பார்த்ததில்லை. நானும் இழுத்து விட்டுக்கொண்டவள்தான்.

அவளுக்குப் பெயர் உண்டு. அதை எழுத வேண்டாம். பேரப்பிள்ளைகள் பள்ளுருத்தியில் நன்றாக இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள். அவளைவிட மூத்தவர்களும் அவளை ராத்தா என்றுதான் கூப்பிட்டார்கள், பயத்தில்.

நான் கல்யாணமாகி வந்த வீடு, சுக்குக் கிடங்கின் பின்சுவரை ஒட்டி ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் இருந்த வரிசை வீடுகளில் கடைசி வீடு. வரிசை முழுக்கத் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பங்கள். எங்கள் வீட்டுக்கு முந்தினது ராத்தாவின் வீடு. நடுவில் பலகைத் தட்டி மட்டும். அவள் புருஷன் கப்பலில் வேலைக்குப் போனவன், பம்பாய்ப் பக்கம் கடலில் விழுந்து செத்துப்போனான் என்று நான் வருவதற்கு முன்பே தகவல் வந்திருந்தது. கூட வேலை பார்த்த ஒரு கப்பல்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனானாம். உடல் கிடைக்கவில்லை. புருஷன் செத்தவள் வெள்ளை உடுத்தி அறைக்குள்ளேயே அடைந்திருக்கிற இத்தாவை ராத்தா ஒரு நாள் குறையாமல் இருந்து முடித்தாள். வெளியே வந்த மறுநாளே கிடங்குக்குப் போய் முறத்தைக் கையில் எடுத்துவிட்டாள். வீட்டில் அவளும் கைக்குழந்தை மகளும்தான்.

அவள் பாட்டு அந்த முறத்தில் பிறந்தது. சுக்கைத் தேய்த்துத் தோல் போக்கிப் புடைக்கிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். தட்டு எல்லாருக்கும் ஒன்றாக விழுந்தால் தோள் வலி தெரியாது. அதற்காக ஆளாளுக்கு எதையாவது முனகுவது உண்டு. ராத்தா வந்த பிறகு முனகல் நின்றது. வேலை வாங்குகிற கிடங்கு மூப்பன் ஒரு காலையில் எல்லாரையும் வைது தீர்த்துக்கொண்டு நடந்தான். அவன் காதுக்குப் பின்னால் நகக் கீறல் ஒன்று இருப்பதை ராத்தா கண்டாள். அவன் முதுகு திரும்பியதும் முறத்தைத் தட்டினாள்.

"கிடங்குக்குள்ளே புலி புலி
வீட்டுக்குள்ளே எலி எலி"

அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை. மூப்பனே சிரித்துவிட்டுத்தான் போனான். அன்றிலிருந்து அவன் உள்ளே நுழைந்தால் எங்காவது ஒரு மூலையில் ஒரு முறம், வாயே இல்லாமல், புலி புலி என்று தட்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் அவன் வேறு கிடங்கு தேடிப் போய்விட்டான்.

நல்ல குரல் என்று சொல்ல மாட்டேன். சுக்குத் தூசி ஏறிக் கரகரத்துப்போன குரல். தொண்டையிலிருந்து வராது, அடிவயிற்றிலிருந்து வரும். ஆர்மோனியத்தை மடியில் வைத்து இழுத்து இழுத்துப் பாடுகிற ஆண்கள் அப்போது மட்டாஞ்சேரியில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்கள் பாட்டுக்குக் கேட்கிறவர்களின் தலை ஆடும். ராத்தா பாட்டுக்குத் தொடை ஆடும். கர்ப்பிணிகள்கூட உட்கார்ந்த இடத்தில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கிடங்கிலிருந்து அவளைக் கல்யாண வீடுகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருக்களில் அப்போது ஒரு வழக்கம். நிக்காஹுக்கு முந்தின நாள் மருதாணி. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மருதாணித் தட்டோடு பெண் வீட்டுக்கு வருவார்கள். இரண்டு பக்கமும் எதிரெதிர்ப் பாயில் உட்கார்ந்து கேலி பாட வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று. பாட்டு வாங்கியவள் சிரிக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் முதலில் முகம் வாடுகிறதோ, அந்தப் பக்கத்தவள் எழுந்து போய்ச் சர்பத்து கரைத்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். ராத்தா உட்கார்ந்த பாயிலிருந்து ஒருத்தி சர்பத்து கரைக்க எழுந்ததாகச் சரித்திரமே இல்லை.

பின்பாட்டுக்கு அவள் ஆள் பொறுக்கியதே ஒரு தினுசு. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு, அதிலும் வாத்தியார் கேள்வி கேட்டால் அழுதுவிடுகிற கூட்டம். கூட்டத்தோடு சேர்ந்து பாடு என்றால் மட்டும் பாடுவேன். குழாயடியில் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உனக்குன்னு ஒரு வாய் இல்ல புள்ளே. பின்பாட்டுக்கு அதுதான் வேணும்."

நான், ஜொகரா, இன்னும் இரண்டு பேர். எங்கள் வேலை இதுதான். ராத்தா ஒரு வரியை ஒரே ஒரு தடவை எறிவாள். நாங்கள் கை தட்டிக்கொண்டு அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்வோம். நாங்கள் திருப்புகிற அந்த நேரத்துக்குள் எதிர்ப் பாயில் ஒரு காலையோ கையையோ பார்த்து அடுத்த வரியைக் கட்டிவிடுவாள். கட்ட முடியாமல் எங்கள் தட்டு மட்டும் வெறுமனே ஓடக் கூடாது. "கை வெறுதே போகக் கூடாது" என்பதுதான் அவள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். வெறும் தட்டு காதில் விழுந்தால் அவளுக்குப் பல் கூசும். வேறு யாராவது பாடித் தடுமாறினாலும் பொறுக்க மாட்டாள், நடுவில் புகுந்து வரியைக் கொடுத்துவிடுவாள். இன்னொன்று, இல்லாததைப் பாட மாட்டாள். பொய் சொன்னால் பாட்டு வாங்கியவள் தப்பித்துக்கொள்வாள், உள்ளதைச் சொன்னால்தான் எழுந்திருக்க முடியாது என்பாள்.

பள்ளுருத்தியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் ஒன்று வந்திருந்தது. அதில் ஒருத்தி, மாப்பிள்ளையின் அண்ணன் பெண்டாட்டி, இரண்டு கையிலும் வளையல் குலுங்க உட்கார்ந்திருந்தாள். வளையல் பெரியது, மணிக்கட்டு சிறியது. அவள் கையைக் கீழே தொங்க விடாமல் மார்போடு சேர்த்தே வைத்திருந்தாள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"பத்து வளையலு மின்னுது மின்னுது
பக்கத்து வீட்டுக்கு எப்போ போகுது?"

நாங்கள் இரண்டு தடவை திருப்பினோம். அவள் சிரித்தாள், சட்டப்படி. ஆனால் கை தானாகப் பின்னால் போய்விட்டது. இரவல் வளையல் என்று பாய் முழுக்கத் தெரிந்துபோனது. அவளே எழுந்து போய்ச் சர்பத்து கரைத்தாள். அன்றிலிருந்து பள்ளுருத்தியில் அவளுக்கு இரவல் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எந்த வீடு என்று தபால்காரருக்குத் தெரியாது, இரவல் வீடு என்றால் தெரியும்.

இன்னொரு கல்யாணத்தில் ஒருத்தியின் புருஷன் கொழும்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டிருந்தான். அவள் பாவம், கண்ணுக்கு மை எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"மாப்பிள்ளை போனது கொழும்புக்கு
மையிட்டு நிக்கிறது யாருக்கு?"

அவள் சிரிக்கவும் இல்லை, சர்பத்து கரைக்கவும் இல்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் நான் பார்க்கவில்லை. வரும் வழியில் ஜொகரா, "ராத்தா, அது கொஞ்சம் அதிகம்" என்று மெதுவாகச் சொன்னாள். ராத்தாவுக்குக் கோபம் வரவில்லை. புருஷன் செத்தவளுக்கு மரியாதை உண்டு, புருஷன் விட்டுப்போனவள் என்றால் ஊருக்கே சிரிப்பு, அது தான் வைத்த சட்டமில்லை என்றாள். பிறகு அந்த வரியைத் தானே ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றாள்.

மட்டாஞ்சேரியில் இருந்து பள்ளுருத்தி, அங்கிருந்து எர்ணாகுளம் என்று அவள் பேர் போனது. படகு வைத்துக் கூட்டிப் போனார்கள். வேண்டாத சம்பந்தியை ஒரு கை பார்க்க வேண்டும் என்றால் ராத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் முன்னால், அந்தப் பக்கம் யார் பாடப் போகிறது என்று விசாரிக்கிறவர்களும் இருந்தார்கள்.

மகளுக்குத் துணி எடுக்க என்று ஒரு நாள் எர்ணாகுளம் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நிறம் பிடிக்கவில்லை என்றாள். அந்த வாரத்தில்தான் என்று நினைவு, நானும் அவளும் கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தோம். கப்பல்களுக்குச் சாமான் போடுகிற கடை ஒன்றில் பாட்டுப்பெட்டி வைத்திருந்தார்கள். வெலிங்டன் தீவில் வந்து நின்ற கப்பலிலிருந்து யாரோ மாலுமி கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பாடினாள், பாட்டு என்பதைவிடக் கத்தல். பின்னால் ஆட்கள் கை தட்டினார்கள். ராத்தா வெயிலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இவளுக்கும் பின்னால ஆளிருக்கு பாரு" என்றாள். கடையில் இருந்த சேட்டனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். யாரைக் கேலி செய்கிறாள் என்று அவரிடம் கேட்டாள். கேலி இல்லை, அவளுடைய ஆள் அவளை விட்டுப் போய்விட்டானாம், அதைப் பாடுகிறாள் என்றார். யாருடைய ஆள் என்று ராத்தா மறுபடி கேட்டாள். அவளுடைய சொந்த ஆள்தான் என்று அவரும் மறுபடி சொன்னார்.

"தன்னப் பத்தியே பாடுறாளா? நாணங்கெட்டவ" என்றாள் ராத்தா. ஆனால் தட்டு முடிந்ததும், இன்னொரு தடவை போடச் சொல்லி நின்று கேட்டாள்.

மகள் வளர்ந்து நின்றாள். நல்ல பெண். வாய் கிடையாது, தையல் தைப்பாள், உம்மாவின் பாட்டு நடக்கிற வீட்டுக்குத் தவறியும் வர மாட்டாள். ஆனால் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. எந்த வீட்டில் போய் விசாரித்தாலும் அந்த வீட்டில் ராத்தா ஒரு முகத்தையாவது வாட வைத்திருந்தாள். நாளைக்குச் சம்பந்தியாகி வந்தால் நம் அடுப்படியைப் பார்த்துப் பாடுவாள் என்று பயந்தார்கள். மகளோடு படித்த பெண்களுக்கெல்லாம் இரண்டு குழந்தை ஆகிவிட்டது. பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் எந்நேரமும் கேட்கும்.

கடைசியில் ஒரு இடம் வந்தது, பள்ளுருத்தியிலிருந்து. பெண் கேட்டு வந்தவள் இரவல் வளையல்காரி. அவளுக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தான். இப்போது கையில் சொந்த வளையல், மணிக்கட்டுக்கு அளவெடுத்துச் செய்தது. பள்ளுருத்தி மாமி என்று சொல்கிறேன், பழைய பெயர் எதற்கு. என் வீட்டு முன்கூடத்தில்தான் பேச்சு நடந்தது. பையன் நல்லவன், வேறு எதுவும் வேண்டாம், ஒரே ஒரு பேச்சு இருக்கிறது என்றாள்.

"மருதாணி அன்னைக்கு நாங்கதான் பாடுவோம். நீ பாடக் கூடாது. கேக்கணும். சிரிச்சிட்டே கேக்கணும். ஒத்த வரிக்கு நீ வாயத் தொறந்தா, மருதாணித் தட்டத் தூக்கிட்டு நாங்க எழும்பிப் போவோம்."

மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கால் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. ராத்தா அதைப் பார்த்தாள். பிறகு பள்ளுருத்தி மாமியிடம், "பாடுங்க. ஆனா நல்லாப் பாடுங்க" என்றாள்.

நாள் குறித்தார்கள். எங்கள் பள்ளிவாசல் முறைப்படி, தகப்பன் உயிரோடு இருந்தால் அவன்தான் மகளை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டும். தகப்பன் இருக்க வேறொருவர் கொடுத்தால் அந்த நிக்காஹ் செல்லாது. தகப்பனும் இல்லை, தகப்பன் வழியில் ஆண்பிள்ளையும் இல்லை என்றால் பள்ளிவாசல் கத்தீபு அந்த இடத்தில் நிற்பார். கத்தீபு வீட்டு ஆள் வந்து விசாரித்தபோது, யாரும் இல்லை என்று ராத்தா சொன்னாள். அந்த வாரத்தில் அவள் சோறு சரியாகத் தின்னவில்லை. பள்ளிவாசல் பக்கம் போய்விட்டு வாசலோடு திரும்பி வருவதை நான் பார்த்தேன். மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மருதாணிக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வந்தார்கள். பள்ளுருத்தி மாமி தன் மகன் கல்யாணம் ஊருக்குக் கேட்க வேண்டும் என்று மைக் செட் கொண்டு வந்திருந்தாள். அதுவரை பெண்கள் பாட்டு பெண்கள் அறையோடு நிற்கும். அன்றைக்கு மைக்கை அறைக்குள் பாயின் நடுவே வைத்து, குழாயை வெளியே ஆண்கள் இருந்த பந்தல் காலில் கட்டினார்கள். கத்தீபு பந்தலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். தாளம் பிடிக்க மாமியிடம் ஆள் இல்லை. அதனால் எங்கள் நாலு பேரையே எதிர்ப் பாயில் உட்கார வைத்தாள். ராத்தாவுக்கு எதிரே உட்கார்ந்து அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள், இரண்டு கை நிறைய ஈர மருதாணி அப்பி, கையை விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டு.

மாமி பல வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். முதல் வரி நன்றாகவே வந்தது.

"ஊரை மென்ன வாய் எங்கே? பூட்டிக் கெடக்குது
பூட்டின சாவி இப்போ எங்க மடியில கெடக்குது"

பாய் முழுக்கச் சிரிப்பு. நாங்கள் இரண்டு தடவை திருப்பினோம். ராத்தாவும் சிரித்தாள், நல்ல வரி என்று தலையைக்கூட ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் மாமியைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றும். அவள் இத்தனை வருஷம் பார்க்க ஆசைப்பட்டது வாடுகிற முகத்தை. இது வாடவில்லை. இரண்டாவது வரி சுக்குக் கிடங்கைப் பற்றி என்னவோ வந்தது, சப்பென்று இருந்தது. மூன்றாவது வரவேயில்லை. மாமியின் உதடு அசைகிறது, மைக்கில் மூச்சு மட்டும் கேட்கிறது. எங்கள் கை ஓடிக்கொண்டிருந்தது. வெறும் தட்டு. ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று போனது. ராத்தாவின் விரல் பாயில் தட்ட ஆரம்பித்தது.

மகள்தான் முதலில் கண்டாள். "உம்மா" என்றாள். மருதாணிக் கையைத் தூக்கினாள், உம்மாவின் வாயைப் பொத்துவதற்கோ என்னவோ. ஈரம் சொட்டியது. தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, "உம்மா, வேண்டாம்" என்றாள்.

ராத்தா மைக்கைப் பார்த்துப் பாடினாள்.

"வெள்ளை உடுத்தி நான் இருக்க
செத்தவன் வந்தான் சேலை எடுக்க"

வரி வந்தால் திருப்புவது எங்கள் கைக்கும் வாய்க்கும் பழக்கம். திருப்பினோம், இரண்டு தடவை. என்ன சொல்கிறோம் என்று இரண்டாவது தடவையில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் அடுத்ததை எறிந்துவிட்டாள்.

"யாருக்குச் சேலைன்னு கேட்டேன் நான்
கூட ஒருத்தியைக் காட்டினான்"

அதையும் திருப்பினோம். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பிறகு தட்டு தானாக நின்றது.

முதலில் சிரித்தது பள்ளுருத்தி மாமி. கையை மார்போடு சேர்த்து வைக்காமல், வளையல் குலுங்க, தொடையில் தட்டிச் சிரித்தாள். அவள் தங்கை ஒருத்தி, பேச்சு மாறிவிட்டாளே, தட்டைத் தூக்கட்டுமா என்று கேட்டாள். "எதுக்குத் தூக்க? இப்படி ஒண்ணை நம்ம வீட்டுக்கு யாரு தருவா?" என்றாள் மாமி.

மைக்கை நிறுத்தினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கத்தீபு வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"பாடினது பாட்டா, உள்ளதா?"

"நான் என்னைக்காவது இல்லாததப் பாடியிருக்கனா?" என்றாள் ராத்தா.

எர்ணாகுளத்துத் துணிக்கடையில் அவனைப் பார்த்திருக்கிறாள், துணி எடுக்காமல் திரும்பி வந்த அன்றைக்கு. செத்த தகவல் சொன்ன கப்பல்காரன் அவனுடைய கூட்டாளிதானாம். ஆண்கள் படகேறிப் போய், அந்தக் கடையிலேயே வீடு விசாரித்து, மறுநாள் மதியத்துக்குள் அவனைக் கூட்டி வந்துவிட்டார்கள். நிக்காஹைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, புதுச் சட்டை போட்டு, சந்தன அத்தர் மணக்க வந்து இறங்கினான். பள்ளுருத்தி மாமி வேண்டுமென்றே வாசல் வரை போய் சம்பந்தி மரியாதையோடு அழைத்தாள். அவன்தான் மகளை நிக்காஹ் செய்து கொடுத்தான். முதல் பந்தியில் நடுவில் உட்கார்ந்து நெய்ச்சோறு தின்றான். ராத்தா பின்கட்டில் சோறு ஆக்கின தேக்சா கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கிற தூரத்தில்தான், "அவ இப்பவும் பாடுறாளா?" என்று யாரிடமோ கேட்டான்.

மகள் வாப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு, விடாமல் அழுதாள். புறப்படும்போது பின்கட்டுக்கு வந்தாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும், கையைத் தூக்கியபோது ஈரம் வழிந்த இடத்தில், மணிக்கட்டு வரை ஒரு கோடு.

"எனக்கு வாப்பா இருந்திருக்கு. நீ அதைப் பாட்டுக்குன்னு எடுத்து வச்சிருந்தே" என்றாள்.

ராத்தா, கழுவின தேக்சாவையே மறுபடி கழுவினாள்.

நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், குழாயடியில், யாரும் இல்லாதபோது. கத்தீபிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று.

"போனேன். வாசல் வரைக்கும் போனேன். பேச்சா வரல புள்ளே" என்றாள். குடம் நிறைந்து வழிந்த பிறகு, "பள்ளுருத்திக்காரி வேற கையை வெறுதே விட்டா" என்று சேர்த்துக்கொண்டாள்.

பாட்டு நின்றுபோகும் என்று நினைத்தோம். அடுத்த வாரமே ஆள் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வெள்ளையைப் பாடு, செத்தவனைப் பாடு என்றுதான் கேட்டார்கள். புதுசாக ஒருத்தியின் காலைப் பார்த்து அவள் வரி கட்டினால் யாரும் காது கொடுப்பதில்லை. அந்த வரியைப் பாடும்வரை சும்மா இருப்பார்கள், பாடியதும் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். முன்பு அவளிடம் பாட்டு வாங்கிய வீடுகளில் சிரிப்பு இன்னும் கூட. அவளும் கூடச் சிரிப்பாள். முகம் வாடாது. மை எழுதிய அந்தப் பெண்ணுடைய தெருவிலும் போய்ப் பாடினோம். அவள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

ஆர்மோனியக்காரர் ஒருவர் அந்த மெட்டை எடுத்து, வெள்ளை உடுத்தி நிலாவில் வருகிற காதலி என்று வார்த்தை மாற்றி, தபலா வைத்து எர்ணாகுளத்தில் மேடையில் பாடினார். பெரிய கைதட்டலாம். சாயாக்கடைகளில் எல்லாரும் அதை முனகினார்கள். மெட்டு யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. கடைத்தெருவில் ஒருவன் அதைப் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு ராத்தா சொன்னது இது.

"முள்ளை எடுத்துட்டான். இனி பல்லில்லாதவனும் தின்னலாம்."

மகள் மட்டாஞ்சேரிக்கு வருவதில்லை. வாப்பா பெருநாளுக்குப் பெருநாள் பள்ளுருத்தி போய்ப் பேரப்பிள்ளைகளோடு சாப்பிட்டு வருவார் என்று கேள்வி. ராத்தாவை அந்த வீட்டில் ஏற்றுவதில்லை. மகளுக்கு அங்கே செத்தவன் மகள் என்று பெயர். மாமியார்தான் வைத்தாளாம், செல்லமாக.

சில வருஷம் கழித்து ஜொகராவின் மகளுக்கு மருதாணி. எங்கள் வரிசையிலேயே நடந்தது. மாப்பிள்ளை பள்ளுருத்திக்காரன். வந்த கூட்டத்தில் ராத்தாவின் மகளும் இருந்தாள், மாமியாருக்குப் பக்கத்தில். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். எங்களைப் பார்த்துத் தலை அசைத்தாள், உம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு மூன்று வரி போனதும் வழக்கம்போல எதிர்ப் பாயிலிருந்து குரல் வந்தது. "அந்த வெள்ளையப் பாடு ராத்தா." பள்ளுருத்தி மாமிதான். வேறு ஏதாவது பாடட்டும் என்று ஜொகரா சொல்லிப் பார்த்தாள். யாரும் விடவில்லை. ராத்தா எதிர்ப் பாயில் மகளின் காலைப் பார்த்தாள். வெள்ளிக் கொலுசு, கழுவின சுத்தமான குதிகால். அன்றைக்குப் பார்வை அதற்கு மேலே ஏறவில்லை. காலைப் பார்த்தபடியே பாடினாள். இரண்டு வரியும் பாடினாள். நாங்கள் திருப்பினோம், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. ராத்தா சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மகளால் முடியவில்லை. சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு கோணியது. பாய் முழுக்க அதைப் பார்த்தது. யாரும் சொல்வதற்கு முன்பு அவளே எழுந்து அடுப்படிக்குப் போனாள். சர்பத்து கலக்குகிற கரண்டிச் சத்தம் கேட்டது. தட்டில் டம்ளர்களோடு வந்து ஒவ்வொருவராகக் கொடுத்தாள், எங்களுக்கும் கொடுத்தாள். கடைசி டம்ளரை உம்மாவின் முன்னால் குனிந்து வைத்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மகள் கையால் அவள் வாங்கியது அது ஒன்றுதான். ராத்தா எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். அடியில் ஒட்டியிருந்ததையும் தலையைச் சாய்த்துக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எதிரே நின்ற கொலுசுக் காலைப் பார்த்துச் சொன்னாள்.

"சீனி போதாது."

மகள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராத்தா எங்கள் பக்கம் திரும்பி, கை ஏன் நின்றது என்று கேட்டாள். தட்டினோம்.